ஷார்ஜாவுக்கு வழி இருந்தது, உசிலம்பட்டிக்கு இல்லை

கடிதம்:

அண்ணே வணக்கம்,

டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓடிய நம் சக்கிமங்கலம் ஓட்டக்காரர் ரேவதி வீரமணி பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். நன்றாக இருந்தது. ஆனால் "கொரோனாவைத் தாண்டி டோக்கியோ போய் ஓடிவிட்டு வந்தார்" என்ற வரியைத் தாண்ட முடியவில்லை.

எனக்கு உசிலம்பட்டி பக்கம். 2020-ல் ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக்காக இருந்தேன். ஜூன் மாதம் அப்பா தவறிவிட்டார். ஊருக்கு வரப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தேன், முறை வரவில்லை. நான் மூத்தவன். கொள்ளி வைத்தது தம்பி. பக்கத்து வீட்டுப் பையன் போனைத் தூக்கிப் பிடிக்க, வாட்ஸ்அப்பில் பார்த்தேன். பாதியில் சிக்னல் போய்விட்டது.

செப்டம்பரில் ஐபிஎல் அங்கேயே வந்து இறங்கியது. எங்கள் ரூம் மொட்டை மாடியிலிருந்து ஷார்ஜா ஸ்டேடியம் லைட் தெரியும். தோனி அடித்த பந்து ஒன்று வெளியே ரோட்டில் விழுந்து, போகிற ஆள் எடுத்துக்கொண்டு போனாராம். எனக்கு அன்று டூட்டி, பார்க்கவில்லை. சென்னை ஜெயித்திருக்கும். இந்தியாவிலிருந்து அங்கே வர அவர்களுக்கு வழி இருந்தது. அங்கிருந்து ஊருக்கு வர எனக்கு இல்லை. விளையாட்டு அவ்வளவு அவசியமா அண்ணே? டென்னிஸ் வீரர் ஜோகோவிச்சை ஆஸ்திரேலியாவில் திருப்பி அனுப்பினார்களே, அது ஒன்றுதான் என் மனதுக்குத் திருப்தி.

எஸ்., உசிலம்பட்டி

பதில்:

அன்புள்ள தம்பி,

அந்த வரியை நான் யோசிக்காமல் எழுதினேன். ஏதோ கண்மாய்க் கரையைத் தாண்டிப் போவது போல எழுதிவிட்டேன். தாண்ட முடியாமல் நின்றவர் படித்தால் எப்படி இருக்கும் என்று தோன்றவில்லை.

உங்களுக்கும் ஒரு வழி இருந்தது, காகிதத்தில். 2020 மே 24-ல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளின்படி வெளிநாட்டிலிருந்து வருகிறவர் ஏழு நாள் அரசு சொல்கிற இடத்திலும், அடுத்த ஏழு நாள் வீட்டிலும் தனித்திருக்க வேண்டும். கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள், வீட்டில் சாவு நேர்ந்தவர்கள் போன்றவர்களுக்கு மட்டும் விலக்கு: பதினான்கு நாளும் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம். அதாவது, விதியை எழுதியவருக்கு உங்கள் ஞாபகம் இருந்திருக்கிறது. ஆனால் அந்தச் சலுகை விமானத்தை விட்டு இறங்கியவருக்கு. ஏறுவதற்கு சீட்டு வேண்டுமே! வழக்கமான சர்வதேச விமானங்கள் மார்ச் மாதமே நின்றுவிட்டன. மே 7 முதல், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் வந்தன. கப்பலும் வந்தது. கொழும்பிலிருந்து கடற்படைக் கப்பல் ஐஎன்எஸ் ஜலஷ்வா சுமார் 700 பேரோடு தூத்துக்குடிக்கு வந்தது ஜூன் தொடக்கத்தில். ஆனால் வளைகுடாவில் காத்திருந்த கூட்டத்துக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

இப்போது அந்தப் பக்கம் பாருங்கள். ஐபிஎல்லை ஐக்கிய அமீரகத்தில் நடத்த ஆகஸ்டில் மத்திய அரசு அனுமதி கொடுத்தது. சேப்பாக்கத்தில் ஒரு வாரம் பயிற்சி முடித்துவிட்டு ஆகஸ்ட் 21-ல் சென்னை அணி தனி விமானம் ஏறியது. துபாய் ஹோட்டலில் ஆறு நாள் அறையை விட்டு வெளியே வரக்கூடாது. முதல் நாள், மூன்றாம் நாள், ஆறாம் நாள் சோதனை. அதில் வீரர்கள் இரண்டு பேர் உட்பட 13 பேருக்குத் தொற்று என்று தெரிந்தது. ஆனாலும் போட்டி நிற்கவில்லை. அவர்களைத் தனியே வைத்து, மறுபடி சோதித்து, செப்டம்பர் 19-ல் தொடங்கிவிட்டார்கள்.

எனக்கு இதில் கோபம் அவர்கள் போனதில் இல்லை. சோதித்து, தனித்து வைத்து, ஒரு மனிதனைப் பத்திரமாக ஓரிடத்திலிருந்து இன்னோரிடம் கொண்டு சேர்க்க முடியும் என்று அவர்கள் செய்தே காட்டிவிட்டார்கள். அப்படியானால் உங்களுக்கு முடியாது என்று சொன்னது கிருமி இல்லை. உங்களுக்காக விமானத்துக்குப் பணம் கட்டவும், படிவத்தைத் தூக்கிக்கொண்டு அலையவும் ஆள் இல்லை, அவ்வளவுதான். விதி எல்லாருக்கும் ஒன்றாகவே இருந்தது. விதிக்கும் ஆளுக்கும் நடுவில் ஒரு மேஜை இருக்கிறதே, அங்கேதான் விஷயம்.

அந்த மேஜை பக்கம் நானும் நின்றிருக்கிறேன். 2020 ஜூலைக் கடைசி. மணப்பாறையில் பெரியம்மா காலமாகிவிட்டார். மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டும். காரணம் 'இறப்பு' என்று போட்டு விண்ணப்பித்தேன். ஆவணம் போதவில்லை என்று நிராகரிப்பு. இறந்து மூன்று மணி நேரத்தில் எந்த ஆவணத்தைக் காட்டுவது? ஆம்புலன்ஸ் ரசீதைப் படம் எடுத்துப் போட்டேன். அதுவும் நிராகரிப்பு. மூன்றாவது தடவை விண்ணப்பித்துவிட்டு, வந்தது வரட்டும் என்று கிளம்பிவிட்டோம்.

மாவட்ட எல்லையில் தடுப்பு போட்டிருந்தார்கள். அங்கிருந்த காவலர் நல்ல மனிதர். "பாஸ் இல்லாம விட்டா எனக்கு மெமோ சார்" என்று சொல்லிவிட்டு, குடிக்கத் தண்ணீரும் கொடுத்தார். புளியமரத்து நிழலில் வண்டியை நிறுத்திவிட்டு, செல்போனைப் பார்ப்பதும் சாலையைப் பார்ப்பதுமாக உட்கார்ந்திருந்தோம். தக்காளி லாரிகள் போய்க்கொண்டே இருந்தன. சரக்குக்குப் பாஸ் வேண்டாம். ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் இரண்டு பெண்கள், பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. காவலர் பாஸை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரு நோட்டில் எழுதினார். நான் பக்கத்தில்தான் நின்றேன். 'மருத்துவ அவசரம்' என்று எழுதினார். அவர் என்னைப் பார்க்கவில்லை, நானும் அவரைப் பார்க்கவில்லை. நாலே கால் மணிக்கு எனக்குப் பாஸ் வந்தது. மூன்று மணிக்கே எடுத்துவிட்டார்கள். பின் சீட்டில் இருந்த ரோஜா மாலையைப் புளியமரத்து வேரில் வைத்துவிட்டு மதுரைக்குத் திரும்பினோம். மனைவிக்கு அதில் இன்றுவரை வருத்தம். மாலையை அங்கேயாவது கொண்டு போயிருக்கலாம் என்பாள்.

ஆகஸ்ட் 17 முதல் ஆதாரும் போன் எண்ணும் கொடுத்தால் எல்லாருக்கும் பாஸ் என்று அறிவித்தார்கள். சென்னை அணி விமானம் ஏற நாலு நாள் இருந்தது. செப்டம்பர் 1 முதல் மாநிலத்துக்குள் பாஸே வேண்டாம் என்றானது.

சரி, இவ்வளவு பேசுகிற நாம் சுத்தமா? 2022 பொங்கலை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 14 முதல் 18 வரை கோயில்களில் பக்தர்களுக்கு அனுமதி இல்லை. தைப்பூசமும் அதற்குள்தான் வந்தது. பழனிக்கு நடந்தே போகிறவர்களுக்கு அந்த வருடம் மலையில் தரிசனம் இல்லை. அதே நாட்களில் அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் ஜல்லிக்கட்டு நடந்தது. மாடுபிடி வீரர்கள் 300 பேர், இரண்டு டோஸ் ஊசி, 48 மணி நேரத்துக்குள் எடுத்த சோதனைச் சான்று, பார்வையாளர் 150 பேருக்கு மேல் கூடாது. 16-ம் தேதி ஞாயிறு முழு ஊரடங்கு என்பதால் அலங்காநல்லூரை 17-ம் தேதிக்குத் தள்ளி வைத்தார்கள். ஊரடங்குக்காக ஜல்லிக்கட்டு நின்றுபோகவில்லை, ஒரு நாள் நகர்ந்தது. மதுரையில் யாராவது "மாடு பிடிப்பது அவ்வளவு அவசியமா?" என்று கேட்டோமா? நான் கேட்கவில்லை. டிவி முன்னால் உட்கார்ந்து காளைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். நீங்களும் உட்கார்ந்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அவசியம் என்பது அவரவர் பிரியத்தைப் பொறுத்த சொல். அதனால்தான் விளையாட்டு அவசியமா என்ற உங்கள் கேள்விக்கு என்னால் நேராகப் பதில் சொல்ல முடியவில்லை.

ரேவதி விஷயத்துக்கு வருகிறேன். ஐபிஎல் ஆட்டக்காரரையும் அந்தப் பெண்ணையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் தம்பி. அம்மா அப்பா இல்லாமல், கூலி வேலை செய்த பாட்டி வளர்த்த பிள்ளை. ஷூ இல்லாமல் ஓடிப் பழகியவர். கொரோனாவின் டெல்டா வகை பரவிய இந்தியா போன்ற நாடுகளிலிருந்து வருகிறவர்களுக்கென்று 2021 ஜூனில் டோக்கியோ ஏற்பாட்டாளர்கள் தனி விதி போட்டார்கள். கிளம்புவதற்கு முன் ஏழு நாளும் தினமும் சோதனை, போய்ச் சேர்ந்த பின் மூன்று நாள் வேறு நாட்டு அணியினர் யாரோடும் பழகக்கூடாது. போட்டிக்கு ஐந்து நாள் முன்புதான் வீரர்கள் தங்கும் ஒலிம்பிக் கிராமத்துக்குள்ளேயே விடுவார்கள், அதில் மூன்று நாள் இப்படி. இந்திய ஒலிம்பிக் சங்கம் இது பாரபட்சம் என்று வெளிப்படையாகவே கண்டித்தது. ஜூலை 30-ல் ரேவதி ஓடிய கலப்பு தொடர் ஓட்டத்தில் நம் அணி தகுதிச் சுற்றோடு திரும்பியது. அதற்கு விதிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஒலிம்பிக் வரை போனவர்களிலும் பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தரம் பிரித்தார்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

பாஸ்போர்ட் கைகொடுக்காத கதையும் உண்டு. 2021 மே 4-ல் ஐபிஎல் பாதியில் நின்றபோது, இந்தியாவிலிருந்து வந்தால் சொந்தக் குடிமகனுக்கே ஐந்து வருடம் வரை சிறை என்று ஆஸ்திரேலியா சொல்லியிருந்தது. கிரிக்கெட் ஆட்டக்காரர்கள் மாலத்தீவில் போய் இருந்துவிட்டு, தடை மே 15-ல் முடிந்த பிறகு 17-ம் தேதி தனி விமானத்தில் சிட்னியில் இறங்கினார்கள். தடை முடிந்த அன்றே டெல்லியிலிருந்து டார்வினுக்கு முதல் மீட்பு விமானம் போனது. 150 பேர் போக வேண்டியது. சோதனையில் தொற்று என்று வந்தவர்களையும் அவர்களோடு இருந்தவர்களையும் கழித்துவிட்டு 80 பேரோடு கிளம்பியது. காத்திருப்பு இரண்டு பேருக்கும் ஒன்றுதான். ஒருவர் கடற்கரையில் காத்திருந்தார், மற்றவர் ஆக்சிஜன் கிடைக்காத டெல்லியில்.

ஜோகோவிச் பற்றிய உங்கள் திருப்தியில் கொஞ்சம் மண்ணைப் போடப் போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அவருக்கு ஊசி போடாமல் வர மருத்துவ விலக்கு கொடுத்ததே அங்குள்ள டென்னிஸ் அமைப்பும் மாநில அரசும் அமைத்த மருத்துவக் குழுக்கள்தான். 2022 ஜனவரி 5 இரவு மெல்போர்னில் இறங்கினார். மறுநாள் காலையே விசா ரத்து. 10-ம் தேதி நீதிமன்றம் அதைத் திருப்பிக் கொடுத்தது. 14-ம் தேதி குடிவரவு அமைச்சர் தன் சொந்த அதிகாரத்தில் மறுபடி ரத்து செய்தார். 16-ம் தேதி அது செல்லும் என்று தீர்ப்பு. அந்த ஊர்க்காரர்கள் மொத்தம் 262 நாள் ஊரடங்கில் கிடந்தவர்கள். அவர்களுடைய கோபம் நியாயம். ஆனால் அதே மாதிரி விலக்கோடு முன்பே உள்ளே வந்து, ஒரு போட்டியில் ஆடியும் முடித்த செக் நாட்டு வீராங்கனை ரெனாட்டா வொராச்சோவாவையும் பின்னாலேயே போய்ப் பிடித்தார்கள். அவருக்காக யாரும் தெருவில் இறங்கவில்லை. வழக்கு நடத்தாமல் ஊருக்குப் போய்விட்டார். ஜோகோவிச்சை வைத்திருந்த ஹோட்டலிலேயே, குற்றம் எதுவும் செய்யாத அகதிகளை நீண்ட காலமாக அடைத்து வைத்திருந்தார்கள். அவர் வந்ததால் டிவிக்காரர்களுக்கு அவர்கள் ஜன்னலும் தெரிந்தது.

இதில் எனக்கு மறக்காத ஒன்று உண்டு. ஜோகோவிச்சின் பயணப் படிவத்தில் ஒரு தப்பு இருந்தது. முந்தைய பதினான்கு நாளில் வேறெங்கும் போகவில்லை என்று இருந்தது, போயிருந்தார். கேட்டதற்கு, படிவத்தை நிரப்பியது என் உதவியாளர்கள், தெரியாமல் நடந்த தவறு என்றார். அதைப் படித்தபோது எனக்கு என் ஆம்புலன்ஸ் ரசீதுதான் ஞாபகம் வந்தது. உங்களுக்கும் எனக்கும் தப்பாக நிரப்பித் தரக்கூட ஆள் இல்லை.

அப்புறம், ஒரு சின்னத் திருத்தம். ரோட்டில் பந்து விழுந்தது செப்டம்பர் 22, ராஜஸ்தானுடனான ஆட்டம். கடைசி ஓவரில் தோனி மூன்று சிக்ஸர் அடித்தார். ஆனாலும் சென்னை 16 ரன்னில் தோற்றது. அந்த வருடம் பிளே ஆஃப் கூடப் போகவில்லை.

அன்புடன்.