‘டிலைட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குள் ‘லைட்’ இருக்கிறதே, மகிழ்ச்சிக்கும் வெளிச்சத்துக்கும் என்ன தொடர்பு?

ஒரு தொடர்பும் இல்லை. பிள்ளைக்குப் பாடம் சொல்லித்தரப் போய் மாட்டிக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் இதே சொல்லில் ஏழாம் வகுப்பிலேயே மாட்டியவன்.

டிக்டேஷனில் டி, இ, எல், ஐ, டி, இ என்று எழுதிவைத்தேன். சார் நோட்டைத் தூக்கிக் காட்டி, “லைட்டை அணைச்சிட்டு எழுதினியாடா?” என்றார். வகுப்பே சிரித்தது. நூறு முறை இம்போசிஷன். அன்று ராத்திரி கரண்டும் இல்லை. மண்ணெண்ணெய் விளக்கடியில் முதலில் ஜி, எச்சை மட்டும் மேலிருந்து கீழாக வரிசையாக எழுதிவிட்டு, அப்புறம் மற்ற எழுத்துகளை இரண்டு பக்கமும் நிரப்பினேன்.

இருபது வருஷம் கழித்து ஒரு பெரிய அகராதியைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, நான் எழுதியது பழைய ஆங்கிலப் புத்தகங்களில் இருந்த எழுத்துக்கூட்டல்! மகிழ்விப்பதைக் குறிக்கும் ‘டெலக்டாரே’ என்ற லத்தீன் சொல் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 16ஆம் நூற்றாண்டில்தான், லைட்டின் சாயலைப் பார்த்து இதற்கும் ஜி, எச்சை மாட்டிவிட்டார்கள்.

லைட்டில் அந்த எழுத்துகளுக்கு நியாயம் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையில் உரசும் ஒலி ஒன்று இருந்தது. ஜெர்மன் மொழியில் வெளிச்சத்துக்கான சொல்லில் அதன் உரசல் இன்னும் கேட்கும். ஆங்கிலத்தில் ஒலி போய் எழுத்து மட்டும் நிற்கிறது. டிலைட்டுக்கு அது இரவல் நகை. எடை குறைவைச் சொல்லும் லைட்டும் வேறு வேரிலிருந்து வந்ததுதான்.

அதற்காகப் பரீட்சையில் என்னைப் போல எழுதச் சொல்கிறேன் என்று யாரும் சண்டைக்கு வராதீர்கள். இன்றைக்கு சார் சொன்னதுதான் சரி. நான் மொழியியல் படித்தவனும் இல்லை, எலக்ட்ரிகல் கடைக்காரன். நான் விற்கும் ‘பல்பு’கூட வெங்காயம் மாதிரி குமிழ்க்கிழங்குக்கான கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது என்பது வரை தெரியும். பெட்டியில் இரண்டு வருஷ வாரண்டி என்று கொட்டை எழுத்தில் போடும் கம்பெனிக்காரர்கள், மாற்றித்தர மூன்று மாதம் இழுக்கிறார்கள். திட்டு வாங்குவது நான்.

போன மாதம் அந்த சாரே ஃப்யூஸ் போன எல்இடி பல்போடு வந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. என் கைக்காசில் புதிது கொடுத்து, ரசீதில் ‘லைட்’ என்று ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிதானமாகப் படித்துப் பார்த்தார், பையில் மடித்து வைத்துக்கொண்டார்.