லூட் பாடல்கள் எல்லாமே ஏன் அழுவது போலவே இருக்கின்றன? ஒன்றை எடுத்து விளக்க முடியுமா?

எல்லாமே அப்படி இல்லை. லூட் (கிட்டார் போன்ற பழைய ஐரோப்பியக் கம்பி வாத்தியம்) கலைஞரும் ஆங்கில இசையமைப்பாளருமான ஜான் டவுலண்ட் 1600இல் வெளியிட்ட பாட்டுப் புத்தகத்திலேயே, தெருவில் பெண்களுக்கான சாமான் விற்பவன் பாடும் ஜாலியான பாட்டு ஒன்று இருக்கிறது. நீங்கள் கேட்டது அழுகையைப் பற்றி என்பதால் அதே புத்தகத்திலுள்ள ‘ஃப்ளோ மை டியர்ஸ்’ (வழியுங்கள், என் கண்ணீரே) பாட்டையே எடுத்துக்கொள்கிறேன்.

மைனர் என்ற மேற்கத்திய ஸ்வர வரிசை, அதனால் சோகம் என்று பலரும் முடித்துவிடுவார்கள். எனக்கு அது போதவில்லை. தொடக்கத்தை நம் ஸ்வரத்தில் சொன்னால் ச நி த ப என்று நாலு படி இறக்கம், கண்ணீர் வழிகிற மாதிரி. உடனே அங்கிருந்து மேலே காந்தாரத்துக்கு ஒரே தாவல், அப்புறம் க ரி ச நி என்று மறுபடி நாலு படி. ஆனால் முதலில் வந்தது கைசிகி நிஷாதம், இப்போது வருவது அதைவிட அரை ஸ்வரம் உயர்ந்த காகலி நிஷாதம், அதனால் இரண்டாவது இறக்கம் உயரத்தில் தொடங்கினாலும் அரை ஸ்வரம் குறைவாகவே இறங்கி, ஷட்ஜத்துக்குச் சற்றுக் கீழே தொங்கிக்கொண்டு நிற்கிறது. எனக்குத் தொண்டை அடைக்கிற இடம் அதுதான். (ராகம் தேடாதீர்கள், அடியில் லூட் தன் வழியில் ஹார்மனியை மாற்றிக்கொண்டே போகும்.)

நடுப்பகுதி மேஜரில் கொஞ்சம் வெளிச்சமாகத் தொடங்கும். நம்பாதீர்கள். கண்ணீர், பெருமூச்சு, முனகல் என்று வரும் சொற்களை டவுலண்ட் துண்டு துண்டாக வெட்டி, நடுவில் மௌனம் விட்டு, மேலே மேலே ஏற்றுகிறார். விம்முகிறவன் மூச்சு வாங்குவது அப்படியே கேட்கும்.

இது முதலில் பாட்டே இல்லை என்பதுதான் வேடிக்கை. ‘லக்ரிமே’ (கண்ணீர்) என்ற பெயரில் வெறும் லூட்டுக்கு எழுதிய பவான் (நிதானமாக நடந்தபடி ஆடும் பழைய நடனம்) மெட்டு, வார்த்தைகள் பிறகுதான் வந்தன. மூன்று பகுதிகளும் இரண்டிரண்டு முறை வருவது அதனால்தான். அந்த முதல் நாலு ஸ்வரங்களில் தொடங்கும் ஏழு பவான்களை முதலில் வைத்து 1604இல் ஒரு புத்தகமே போட்டார்.

நான் கிட்டாரில் மூன்றாம் கம்பியை அரை ஸ்வரம் இறக்கி, மூன்றாவது ஃப்ரெட்டில் கேப்போ என்ற கவ்வியை மாட்டி (லூட் சுருதி கிட்டத்தட்ட வந்துவிடும்) இதை ஒப்பாரி மாதிரி இழுத்து இழுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். வாத்தியார் ஒருநாள் கேட்டுவிட்டு, “இது நடக்கிற தாளம்டா, எழுந்து நட” என்றார். வராண்டாவில் நடந்துகொண்டே பாடினேன். வேகம் கூடியது, ஆனால் அந்தக் காகலி நிஷாதத்தில் மட்டும் கால் தானாக நின்றுவிட்டது.