என் கிட்டார் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) அரை மணி நேரம் ஓடியதும் சத்தம் கரகரத்து நின்றுவிடுகிறது, ஆறினால் மறுபடி வருகிறது. கடையில் ‘போர்டு மாற்றணும்’ என்கிறார்கள். மாற்றலாமா?

இப்போதைக்கு மாற்றாதீர்கள். கடையில் அதைத் திறந்து பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

உங்களுடையது டிரான்சிஸ்டர் ஆம்ப் என்று வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். உள்ளே கண்ணாடிக் குழாய்கள் ஒளிரும் வால்வ் ஆம்ப் என்றால் தயவுசெய்து திறக்கவே வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல்கூட இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது மின்சாரத்தைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டரில் தங்கி நிற்கும்.

மதுரையில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினோரு வருடம் ரிதம் கிட்டார் வாசித்தவன் நான். என் ஆம்ப் 65 வாட், 12 அங்குல ஸ்பீக்கர், செகண்ட்ஸில் 14,000 ரூபாய்க்கு வாங்கியது. ஒரு சித்திரை மாதக் கோயில் கச்சேரியில் ஐந்தாவது பாட்டின் நடுவே நீங்கள் சொல்வதுபோலவே கரகரத்துத் தேய்ந்து நின்றது. தலையில் ஒரு தட்டு தட்டினால் வரும், இரண்டு வரி வாசிப்பதற்குள் போய்விடும். மறுநாள் கடையில் கொடுத்தேன். நான்கு நாள் வைத்திருந்துவிட்டு, “மெயின் போர்டு போச்சு தம்பி, 9,500 ஆகும்” என்றார் கடைக்காரர். அவ்வளவு பணம் இல்லை, திருப்பி வாங்கிக்கொண்டேன். வீட்டில் வைத்துப் பார்த்தால், ஸ்க்ரூ தலைகளில் அடைந்திருந்த தூசி நான் கொடுத்தபோது இருந்த மாதிரியே இருக்கிறது. ஒரு ஸ்க்ரூவில்கூட ஸ்க்ரூடிரைவர் பட்ட தடம் இல்லை.

எங்கள் தெருவில் அந்தக் காலத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். “சத்தத்த அப்புறம் தேடலாம் தம்பி, எந்தப் பாதியில கோளாறுன்னு மொதல்ல பாரு” என்றார். பல ஆம்புகளின் பின்பக்கம் சென்ட், ரிட்டர்ன் என்று கேபிள் செருகும் இரண்டு ஜாக் இருக்கும். முன்பாதியான பிரீ ஆம்பிலிருந்து சத்தம் சென்ட் வழியாக வெளியே வந்து, ரிட்டர்ன் வழியாக, ஸ்பீக்கரை ஓட்டும் பின்பாதியான பவர் ஆம்புக்குப் போகும். கேபிள் எதுவும் செருகாதபோது ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் ஒரு சின்னத் தகடுதான் இரண்டையும் சேர்த்து வைத்திருக்கிறது. அந்தத் தகடு கறுத்துப்போனாலும் சத்தம் விட்டுவிட்டு வரும். அதனால் சத்தம் நின்றதும் சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு ஒரு கேபிளைப் போட்டுப் பாருங்கள். சத்தம் வந்துவிட்டால் ரிட்டர்ன் ஜாக்கில் காண்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே அடித்து, கேபிள் பிளக்கைப் பத்துத் தடவை செருகி எடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும்.

எனக்கு அதில் சரியாகவில்லை. அடுத்து கிட்டாரையே நேராக ரிட்டர்னில் செருகச் சொன்னார். சன்னமாக, ஆனால் கரகரப்பு இல்லாமல் வந்தது. அப்படியென்றால் பவர் ஆம்பும் ஸ்பீக்கரும் நன்றாக இருக்கின்றன, கோளாறு முன்பாதியில்.

அப்புறம்தான் திறந்தோம். பிரீ ஆம்பில் சத்தத்தைப் பெருக்கும் 4558 என்ற எட்டுக் கால் ஐசிகள் (சின்னச் சிப்புகள்). எட்டாவது காலில் பிளஸ் 15 வோல்ட், நான்காவது காலில் மைனஸ் 15 வரவேண்டும். குளிர்ந்திருந்தபோது இரண்டும் சரியாக இருந்தன. அரை மணி நேரம் ஓடவிட்டு அளந்தால் மைனஸ் பக்கம் 3 வோல்ட்டுக்கு இறங்கி ஆடிக்கொண்டிருந்தது. பவர் ஆம்புக்குப் போகும் 35 வோல்ட்டை 15 ஆகக் குறைக்க இரண்டு 2 வாட் ரெசிஸ்டர்கள் உண்டு. கை வைத்தால் சுடும். அவற்றின் அடியில் போர்டே காபி நிறத்துக்கு மாறியிருந்தது. போர்டைத் திருப்பி லென்ஸில் காட்டினார். ஈயக் குமிழின் நடுவே, ரெசிஸ்டர் காலைச் சுற்றி, தலைமுடி அகலத்தில் ஒரு கறுப்பு வளையம். டிரை சால்டர், அதாவது ஈயம் காலோடு சரியாகப் பிடிக்காமல் விட்டுப்போனது. சூடேறினால் அந்த இடைவெளி விலகும், ஆறினால் கால் மறுபடி ஒட்டிக்கொள்ளும். பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரெசிஸ்டரைப் போர்டிலிருந்து சற்றுத் தூக்கி நிறுத்தி, புது ஈயம் வைத்தார். இரண்டு டீயையும் சேர்த்து 100 ரூபாய்கூட ஆகவில்லை.

ரெசிஸ்டரை மாற்றாமல் ஈயம் மட்டும் வைத்தது தப்பு என்று யாராவது வருவீர்கள். அளந்துதான் விட்டோம், 330 ஓம் அப்படியே காட்டியது. அதன் பிறகு ஆறு வருடம் அந்த ஆம்பில் வாசித்தேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: டிரான்சிஸ்டர் ஆம்பானாலும் ஸ்விட்ச், ஃபியூஸ், டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் 230 வோல்ட் நிற்கிறது. கைப்பழக்கம் இல்லையென்றால் திறந்து வைத்து ஓடவிட்டு அளக்காதீர்கள். கேபிள் சோதனைகளுக்குத் திறக்கவே வேண்டியதில்லை.

ஆம்ப் சரியாகி வருவதற்குள் ஒரு மாதம் போய்விட்டது. அந்த ஒரு மாதமும் என் பகுதியைக் கீபோர்டில் போட்டு ஓட்டியிருக்கிறார்கள். திரும்பிப் போனபோது குழு நடத்துபவர், “அதுலயே நல்லாத்தானப்பா வருது” என்று கச்சேரிக்கு 1,500 கொடுத்ததை 1,000 ஆக்கிவிட்டார். உள்ளங்கை ஓரத்தால் தந்தியை அமுக்கிக்கொண்டு ஸ்ட்ரோக் போடும்போது எழும் ‘சக்கு’ சத்தம் அந்தக் கீபோர்டில் ஒருநாளும் வரவில்லை. தபேலாக்காரர் என்னைப் பார்த்துத்தான் தாளத்தைப் பிடிப்பார். இது கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், ஆனால் ஒரு ரெசிஸ்டர் காலால் எனக்குப் போனது அந்த 500 ரூபாய், கடைசிவரை திரும்பவில்லை. நீங்களும் கச்சேரிக்கு வாசிப்பவர் என்றால், ரிப்பேர் முடியும்வரை ஒரு ஆம்பை இரவல் வாங்கியாவது மேடையில் உட்கார்ந்துவிடுங்கள்.

உங்களுக்கும் ரிட்டர்னில் சத்தம் வந்தால், கடைக்குத் திரும்பப் போய் ‘சரிபண்ணுங்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வராதீர்கள். “ரிட்டர்னில் செருகினால் சத்தம் வருது, முன்பாதியில்தான் கோளாறு. அரை மணி நேரம் சூடான பிறகு பிளஸ் 15, மைனஸ் 15 இரண்டும் இருக்கான்னு என் கண் முன்னாடி அளந்து காட்டுங்கண்ணே” என்று கேளுங்கள். முடியாது என்றால் ஆம்பைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விடுங்கள்.