துப்பாக்கி வாங்க 21 வயது எதற்கு? – கடிதம்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அமெரிக்காவில் எந்தத் துப்பாக்கி வாங்கவும் 21 வயது முடிந்திருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவர வேண்டும் என எழுதியிருந்தீர்கள். எனக்கு உடன்பாடில்லை. 18 வயதில் ஓட்டுப் போடலாம், பட்டாளத்தில் சேரலாம், துப்பாக்கி மட்டும் ஆகாதா? நம்ம பக்கம் துப்பாக்கியா இருக்கிறது? அருவாளை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். கொல்ல நினைத்தவன் எதை வைத்தும் கொல்லுவான். இன்னொன்று, என் அக்கா மகன் டெக்சாஸில் குடியுரிமை வாங்கிக் குடும்பத்தோடு இருக்கிறான். அவன் பையனுக்கு அடுத்த வருடம் 18 முடிகிறது. ரைபிள் வாங்கியே தீருவேன் என்று நிற்கிறானாம். அக்கா தினமும் போனில் அழுகிறாள். அவளிடம் என்ன சொல்ல?

வாழை விவசாயி, கல்லிடைக்குறிச்சி

அன்புள்ள தம்பி,

பட்டாளத்தில் சேர்ந்த பையனுக்குப் பயிற்சி கொடுத்துத்தான் சுட விடுகிறார்கள். சுட்டு முடித்ததும் தோட்டாவை எண்ணி வாங்கிக்கொள்வார்கள், ரைபிள் ஆயுத அறைக்குப் போய்விடும். லீவில் ஊருக்கு வரும்போது அதைத் தூக்கிக்கொண்டு வருவதில்லை. ராத்திரி அப்பாவோடு சண்டை போட்டுப் படுக்கிறவன் கட்டிலுக்கடியிலும் அது இருக்காது. கடையில் காசு கொடுத்து வாங்குகிற 18 வயதுப் பையனுக்கு மேலே ஹவில்தார் யாரும் கிடையாது. ஓட்டைத் தப்பாகப் போட்டால் அடுத்த தேர்தலில் மாற்றிப் போடலாம்.

நம் ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தபோது வயது வரம்பு 16 தான். 1983-ல் திருத்தி 21 ஆக்கினார்கள். குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் பயிற்சி எடுக்கும் சிறுவர்களுக்கு விலக்கு உண்டு. 21 முடிந்தாலும் போலீஸ் விசாரணை, லைசென்ஸ், தேர்தல் வந்தால் ஸ்டேஷனில் ஒப்படைப்பது எல்லாம் இருக்கிறது. இதனால் நம் இளைஞர்கள் எதிலும் குறைந்துபோனதாக நான் பார்க்கவில்லை.

அமெரிக்காவில் 1968-ல் வந்த சட்டப்படி, லைசென்ஸ் பெற்ற கடைக்காரர் கைத்துப்பாக்கியை 21 வயதுக்குக் கீழே விற்கக் கூடாது. ரைபிளுக்கு 18 போதும். பீர் வாங்கவே அங்கே 21 ஆக வேண்டும். டெக்சாஸின் யுவால்டி ஊரில் 2022 மே மாதம் தொடக்கப் பள்ளிக்குள் நுழைந்தவனுக்கு 18 முடிந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. அந்தச் சில நாட்களில் சட்டப்படி வாங்கிய ரைபிளால்தான் 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றான். அன்றைக்கு 21 என்ற வரம்பு இருந்திருந்தால் அந்தக் கடை அவனைத் திருப்பி அனுப்பியிருக்கும். ஃபுளோரிடாவில் 2018 பிப்ரவரியில் 19 வயதுக்காரன் ஒருவன் பார்க்லேண்ட் பள்ளியில் 17 பேரைக் கொன்றான். ஒரு மாதத்துக்குள் அந்த மாநிலம் எல்லாத் துப்பாக்கிக்கும் வயதை 21 ஆக்கியது. டெக்சாஸ் அதைச் செய்யவில்லை.

இப்போது அரிவாள். நம் ஊர்ப் பையன்களை நினைத்துத்தான் நான் அந்தச் சட்டத்தைப் பற்றி எழுதவே ஆரம்பித்தேன். குலை வெட்ட, தேங்காய் வெட்ட, உடைமரம் கழிக்க அரிவாள் வேண்டும், அதற்கு வயது வைக்க முடியாது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் சாதி வெறியில் ஒரு மாணவனை, கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. இரண்டு பேரும் பிழைத்தார்கள். வந்தவர்கள் கையில் அன்றைக்கு யுவால்டி ரைபிள் இருந்திருந்தால் அந்த வீட்டில் யார் மிஞ்சியிருப்பார்கள்? நம் பிள்ளைகளிடம் கோபமும் சாதியும் ஏற்கெனவே இருக்கின்றன, தம்பி. துப்பாக்கி கைக்கு எட்டவில்லை என்பது மட்டும்தான் நமக்கு வாய்த்த நல்லது.

‘நினைத்தவன் எப்படியும் செய்வான்’ என்பதையும் நான் ஏற்கவில்லை. அந்த நினைப்பு பல சமயம் ஒரு ராத்திரிகூடத் தாங்காது. இலங்கையைப் பாருங்கள். பூச்சிமருந்து குடித்துச் சாகிறவர்கள் அங்கே ஏராளமாக இருந்தார்கள். 1990-களில் கொடிய மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த பத்து வருடத்தில் தற்கொலை விகிதம் ஏறக்குறையப் பாதியானது. வீட்டுக் கஷ்டமும் காதல் தோல்வியும் அங்கே குறைந்துவிடவில்லை. குடித்தவர்கள் பிழைக்க ஆரம்பித்தார்கள். நம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு மருந்து குடித்து வருகிறவர்களிலும் பிழைத்துப் போகிறவர்கள் உண்டு. துப்பாக்கியால் சுட்டுக்கொண்டவர்களுக்கு அந்த வாய்ப்பு அரிது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலைதான். பள்ளிக்கூடச் செய்தி மட்டும் இங்கே வந்து சேருவதால் இது நமக்குத் தெரிவதில்லை.

வயது வரம்பு மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 2012-ல் சாண்டி ஹூக் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் கொன்ற 20 வயதுக்காரன் துப்பாக்கியைக் கடையில் வாங்கவில்லை. அம்மாவின் துப்பாக்கியை எடுத்துப் போனான்.

அதனால் அக்காவிடம் முதலில் மகனிடம் பேசச் சொல்லுங்கள், பேரனிடம் அப்புறம். வீட்டில் ஏற்கெனவே துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்கட்டும். இருந்தால் அதைப் பூட்டி, தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி, இரண்டு சாவியும் பையன் கைக்கு எட்டாமல் வைக்க வேண்டும். பையனுக்குச் சுடுவதில்தான் ஆசை என்றால் அங்கே சுடுதளங்கள் உண்டு. அப்பாவோடு போய், அங்கேயே வாடகைக்கு வாங்கிச் சுட்டுவிட்டு, அங்கேயே கொடுத்துவிட்டு வரட்டும். சொந்தத்துக்குத்தான் வேண்டும், வீட்டில்தான் வைப்பேன் என்று நின்றால், ஏன் என்று கோபப்படாமல் உட்கார்ந்து கேட்கச் சொல்லுங்கள். டெக்சாஸ் சட்டம் 18 என்று சொன்னாலும் அந்த வீடு 21 என்று வைத்துக்கொள்ளத் தடை இல்லை.

அன்புடன்,
அண்ணாச்சி