ஸ்விட்ச் போட்டதும் பியூஸ் போகிறதா? ட்ரான்ஸ்பார்மருக்குப் பணம் கட்டாதீர்கள்

கேள்வி: களியக்காவிளைப் பக்கம் எங்கள் சபைப் பாடகர் குழுவுக்கு 60 வாட் கிட்டார் ஆம்ப் ஒன்று பழசாக வாங்கினோம். வால்வ் இல்லை, ட்ரான்சிஸ்டர் வகை. ஐப்பசி இடிமழையில் ஒருநாள் நின்றுபோனது. அதிலிருந்து ஸ்விட்ச் போட்டதும் பியூஸ் போகிறது, மூன்று மாற்றியாயிற்று. கடையில் ட்ரான்ஸ்பார்மர் போய்விட்டது, 4,500 ரூபாய் என்கிறார்கள். தரகர் ஒருவர் அப்படியே 2,000 ரூபாய்க்குக் கேட்கிறார். கொடுத்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ட்ரான்ஸ்பார்மர் சட்டென்று கெடுகிற பொருள் இல்லை. முதலில் போவது ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர், அடுத்தது ஏசியை டிசி ஆக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், இடி காலத்தில் திடீர் மின்னழுத்தத்தைத் தாங்கும் வேரிஸ்டர். எல்லாமே சில்லறைச் செலவு. அது தரகருக்கு நன்றாகத் தெரியும், அதனால்தான் 2,000 தருகிறார்.

போன பியூஸைப் பாருங்கள். கண்ணாடி உள்ளே கறுத்தோ வெள்ளிப்பூச்சு போலவோ இருந்தால் நேரடி ஷார்ட். கம்பி மட்டும் நடுவில் உருகியிருந்தால் ஷார்ட் இல்லாமலும் இருக்கலாம். எதுவானாலும் பெரிய பியூஸ் போடுவதும் செம்புக்கம்பி சுற்றுவதும் கூடவே கூடாது. இரண்டு ரூபாய் பியூஸ் தடுத்த கரண்ட் அப்போது ட்ரான்ஸ்பார்மரை எரிக்கும். கடைக்காரர் சொன்னது உண்மையாகிவிடும்.

இனி சோதனை. ஃபேஸ் வயரில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைத் தொடராக இணைத்து, அதன் வழியாக ஆம்புக்குக் கரண்ட் கொடுக்கச் சொல்லுங்கள். எலக்ட்ரீஷியன்கள் சீரிஸ் லாம்ப் என்பார்கள். எல்இடி உதவாது, கோழிக்குஞ்சுக் கூண்டுக்குப் போடும் பல்பு போதும். ஷார்ட் இருந்தாலும் அரை ஆம்பியருக்கு மேல் போகாது, பியூஸ் தப்பும். வோல்டேஜ் செலக்டர் இருந்தால் 230-ல் நிற்கிறதா பாருங்கள். ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து ஸ்விட்ச் போடுங்கள். பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் உள்ளே ஷார்ட் இல்லை. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் உண்டு.

அப்படி எரிந்தால், பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களை 1 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டரால் வடியவிட்டு, ட்ரான்ஸ்பார்மரிலிருந்து போர்டுக்கு வரும் வயர்களைக் கழற்றி, மறுபடி போடச் சொல்லுங்கள். பல்பு மங்கிவிட்டால் ட்ரான்ஸ்பார்மர் நன்றாக இருக்கிறது. 4,500 ரூபாய்க் கதை அங்கேயே முடிந்தது. அப்போதும் எரிந்தால், மறுபடி பிளக்கைப் பிடுங்கி, பியூஸுக்குப் பின்னால் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் குறுக்கே இருக்கும் வட்டமான வேரிஸ்டரின் ஒரு காலை வெட்டி, ஸ்விட்ச் போடுங்கள். பல்பு மங்கினால் குற்றவாளி அதுதான். அதே எண்ணில் புதிது போடுங்கள். வெட்டியும் எரிந்தால் மட்டுமே ட்ரான்ஸ்பார்மரைச் சந்தேகிக்கலாம்.

குறை போர்டில் என்றால், பிளக்கைப் பிடுங்கியபடியே, மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து பிரிட்ஜையும், அவுட்புட் ட்ரான்சிஸ்டர்களின் கலெக்டர்–எமிட்டரையும் தொடுங்கள். முனைகளை மாற்றித் தொட்டாலும் பீப் அடித்தால் அது ஷார்ட். ட்ரான்சிஸ்டரை ஜோடியாகவே மாற்ற வேண்டும். எமிட்டர் ரெசிஸ்டர், டிரைவர் ட்ரான்சிஸ்டர், அடியிலிருக்கும் மைக்கா தாள் மூன்றையும் பார்க்காமல் மாற்றினால் புதிதும் போகும். 5200–1943 என்ற எண்ணுள்ள அவுட்புட் ட்ரான்சிஸ்டர் ஜோடியில் போலி ஏராளம். மார்த்தாண்டமானாலும் திருவனந்தபுரம் சாலை பஜாரானாலும், பாதி விலைக்குக் கிடைத்தால் உள்ளே சின்ன சிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு பாட்டுக்குத் தாங்காது. போலியைத் தடுக்க ஆளில்லை, கம்பெனிகள் சர்க்யூட் படமும் தருவதில்லை, சர்வீஸ் சென்டரில் கேட்டால் போர்டையே மாற்று என்கிறார்கள். நல்ல மெக்கானிக்குகள்கூட ஊகத்தில் வேலை பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஏமாறுகிறவர்கள் அதிகம். ஷார்ட்டே இல்லாமலும் பியூஸ் போகும். வளைய வடிவ டொராய்டல் ட்ரான்ஸ்பார்மர், ஸ்விட்ச் போடும் கணத்தில் வழக்கமான கரண்ட்டைப் போலப் பல மடங்கு இழுக்கும். எவ்வளவு என்பது ஏசி அலையின் எந்த இடத்தில் ஸ்விட்ச் விழுகிறது என்பதைப் பொறுத்தது. அதனால் ஒன்பது தடவை தாங்கிப் பத்தாவது தடவை போகலாம். இதற்காகவே ஆம்பின் பின்னால் ‘டி’ (T) என்று அச்சிட்டிருப்பார்கள், மெதுவாக உருகும் வகை. கடையில் எடுத்துக் கொடுப்பதோ பெரும்பாலும் ‘எஃப்’ (F), வேகமாக உருகுவது. ஆம்பியர் ஒன்றேதான், எழுத்து வேறு. பியூஸின் உலோக மூடியில் பொடி எழுத்தாக இருக்கும். படித்துப் பார்த்து வாங்குங்கள். உங்கள் பல்பு மங்கினால் முதல் சந்தேகம் இதன்மேல்தான்.

ரிப்பேர் முடிந்ததும் மறுபடி பல்பு வழியாகவே ஸ்விட்ச் போடச் சொல்லுங்கள். ஸ்பீக்கர் முனைகளில் டிசி 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள், காயில் கருகிவிடும். அந்த அளவை உங்கள் கண்முன்னே காட்டிய பிறகு கூலி கொடுங்கள். கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்குங்கள்.