ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்குப் பிறகு காலம் முழுக்கக் கஞ்சிதானா?

கேள்வி: எனக்கு வயது 34. உயரம் 157 செ.மீ., எடை 108 கிலோ. ஐந்து வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. மெட்ஃபார்மினும் கிளிமிப்ரைடும் சேர்ந்த மாத்திரையை இரு வேளை போடுகிறேன். மாதவிலக்கு ஒழுங்காக வருவதில்லை. அடுத்த மாதம் எடை குறைப்பதற்கான ஸ்லீவ் அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருக்கிறார்கள். நாங்கள் சைவம், வீட்டில் முட்டையும் கிடையாது. “வயித்த வெட்டிட்டா காலம் முழுக்க கஞ்சிதான், முடியெல்லாம் கொட்டிடும்” என்று மாமியார் பயப்படுகிறார். அறுவைக்கு முன் நான் என்ன தயார் செய்ய வேண்டும்? பிறகு எப்படிச் சாப்பிடுவது? எதற்கெல்லாம் பயப்பட வேண்டும்? இரண்டாவது குழந்தைக்கு எப்போது முயற்சி செய்யலாம்? – வாசகி, திருச்சி.

பதில்: திரவமும் மசித்ததுமாகச் சாப்பிட வேண்டிய காலம் ஏறக்குறைய நான்கு வாரம்தான். இரண்டு மாதத்தில் வீட்டில் எல்லோரும் சாப்பிடுவதையே நீங்களும் சாப்பிடலாம். அளவுதான் ஒரு சின்னக் கிண்ணமாக இருக்கும். முடி பற்றி உங்கள் மாமியார் சொல்வதில் பாதி உண்மை, அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் பி.எம்.ஐ. (உயரத்துக்கும் எடைக்குமான விகிதக் குறியீடு) கிட்டத்தட்ட 44. சர்க்கரையும் இருப்பதால் அறுவை சிகிச்சைக்குப் போதுமான காரணம் இருக்கிறது. ஸ்லீவில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கும் மேல் நீளவாக்கில் ஸ்டேப்ளர் போட்டு வெட்டி எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது 100 முதல் 150 மில்லி கொள்ளும் ஒல்லியான குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் பசிக்காதவர் சாப்பிடவும் மறப்பார், தண்ணீர் குடிக்கவும் மறப்பார். முதல் மாதத்தில் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்பவர்களில் பலருக்குக் காரணம் வெறும் நீரிழப்புதான்.

முதலில் அறுவைக்கு முந்தைய வேலைகள். உங்களுக்கு நெஞ்செரிச்சலோ புளித்த எதுக்களிப்போ உண்டா? இருந்தால் இப்போதே அறுவை நிபுணரிடம் சொல்லி, எண்டோஸ்கோப்பி பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள். ஸ்லீவ் குழாய்க்குள் அழுத்தம் கூடுதல் என்பதால் இந்தத் தொல்லை அதிகமாகலாம். ஏற்கெனவே கடுமையாக இருப்பவர்களுக்கு, எடை குறைப்புக்கான இன்னொரு அறுவையான இரைப்பை பைபாஸ் பொருத்தமாக இருக்கும்.

பி12, வைட்டமின் டி, ஃபெரிட்டின் (உடலின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டுவது) மூன்றையும் இப்போதே பரிசோதியுங்கள். பி12 உங்களுக்கு மூன்று பக்கமிருந்தும் குறையும். சைவ உணவில் அது குறைவு, மெட்ஃபார்மின் அதன் உறிஞ்சுதலைக் குறைக்கும், அதை உறிஞ்சத் துணைபுரியும் சுரப்புகளைத் தரும் இரைப்பைப் பகுதியில் பெரும்பங்கை இனி எடுத்துவிடப் போகிறார்கள். குறைவு இருந்தால் அறுவைக்கு முன்பே ஊசி போட்டுச் சரிசெய்வது நல்லது.

கடைசி இரண்டு வாரம் மாவுச்சத்தைக் குறைத்து, நாளொன்றுக்கு 800 முதல் 1,000 கலோரி அளவில் உணவு தருவார்கள். பலர் இதை எடை குறைக்கத்தான் என்று நினைத்து, “எப்படியும் ஆபரேஷன்ல குறையப்போகுதே” என்று மீறிவிடுகிறார்கள். உண்மையில் இது கல்லீரலுக்காக. கொழுப்பு படிந்த கல்லீரலின் இடப்பகுதி இரைப்பையின் மேல் கவிந்து கிடக்கும். அது சுருங்கினால்தான் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்பராஸ்கோப்பியில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பாக வேலை செய்ய முடியும். இந்த உணவு தொடங்கும் நாளன்றே உங்கள் சர்க்கரை மருத்துவரைப் பாருங்கள். சாப்பாடு பாதியாகி கிளிமிப்ரைடு அதே அளவில் தொடர்ந்தால் சர்க்கரை அபாயகரமாகத் தாழும். அறுவைக்குப் பின் பெரும்பாலும் அந்த மருந்து தேவைப்படாது. இன்னொன்று, மாத்திரை அட்டையில் பெயருக்குப் பின் எஸ்.ஆர். அல்லது இ.ஆர். என்று இருந்தால் அது மெதுவாகக் கரையும் வகை, பொடித்துப் போடக் கூடாது. சாதாரண வகையாக மாற்றித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் வாங்கி வைக்க வேண்டியவை கொஞ்சம்தான்: 30 மில்லி அளவுக் கிண்ணம் (இருமல் மருந்தோடு வருமே, அது போதும்), மிக்ஸி, புரதப் பவுடர் ஒரு சின்ன டப்பா மட்டும் (அறுவைக்குப் பின் சுவை மாறும், பெரிய டப்பா வீணாகும்), கொரோனா காலத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் அலமாரியில் கிடந்தால் அதற்குப் புது பேட்டரி.

அறுவை முடிந்த அன்று மாலையே நடக்க வைப்பார்கள். காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போகாமல் தடுக்கத்தான் அந்த நடையும், வயிற்றில் போடும் ஊசியும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வீடு திரும்பலாம். மேஜை வேலை என்றால் இரண்டு வாரம் விடுப்பு போதும். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் குழந்தை, இவை ஆறு வாரம் வேண்டாம்.

முதல் இரண்டு வாரம் திரவம் மட்டும். 15 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த 30 மில்லி கிண்ணத்தால் குடித்தால் 12 மணி நேரத்தில் 1,440 மில்லி ஆகிவிடும், அதுதான் இலக்கு. மடக் மடக்கென்று குடித்தால் நெஞ்சில் இறுகிப் பிடித்து வெளியே வரும். நீர்மோர், பால், வடிகட்டிய ரசம், இளநீர் எல்லாம் ஆகும். சோடா, ஸ்ட்ரா, ஜூஸ் வேண்டாம்.

இங்கே சைவக் குடும்பங்களில் தவறாமல் நடக்கும் ஒரு பிழை உண்டு. பருப்புத் தண்ணீரையும் கேழ்வரகுக் கஞ்சியையும் சத்தென்று நம்பி ஊற்றிக் கொடுப்பார்கள். பருப்பின் புரதம் அடியில் தங்கிய பருப்பில் இருக்கிறது, மேலே தெளிந்த தண்ணீரில் சொற்பம். கேழ்வரகுக் கஞ்சியும் சத்துமாவுக் கஞ்சியும் பெரும்பகுதி மாவுச்சத்து. உங்களுக்கு ஒரு நாளைக்கு 60 முதல் 80 கிராம் புரதம் வேண்டும். குறைந்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், அசதி வரும், முடியும் கூடுதலாகக் கொட்டும்.

மூன்றாம், நான்காம் வாரம் மசித்த உணவு: குழைய வேகவைத்துக் கடைந்த பருப்பு, கெட்டித் தயிர், மிக்ஸியில் அடித்த பனீர். ஐந்தாவது வாரத்திலிருந்து மென்மையான திட உணவு. ஆறாவது வாரத்தில் உங்கள் ஒரு நாள் இப்படி இருக்கலாம். காலை எழுந்ததும் 150 மில்லி பாலில் ஒரு ஸ்கூப் வே புரதம் (பாலிலிருந்து எடுக்கும் புரதப் பவுடர்), மொத்தம் 29 கிராம் புரதம். ஒன்பது மணிக்கு ஒரு இட்லி, மேலே கெட்டிச் சாம்பாரின் பருப்பு மூன்று கரண்டி, 5 கிராம். பதினொரு மணிக்கு மோர் ஒரு டம்ளர், 2 கிராம். மதியம் உதிர்த்து வதக்கிய பனீர் 50 கிராம், கூடவே இரண்டு கரண்டி கூட்டு, 12 கிராம். நாலு மணிக்கு 150 மில்லி பாலில் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு மேஜைக்கரண்டி, 10 கிராம். இரவு, ஊறவைத்துப் பிழிந்து மிக்ஸியில் துருவலாக்கிய மீல் மேக்கர் (உலர்ந்த எடை 15 கிராம்), மூன்று கரண்டி தயிர், 10 கிராம். கூட்டினால் 68. இதில் சாதம் எங்கே என்று கேட்பீர்கள். இப்போதைக்கு அதற்கு இடமில்லை. பால் குடித்ததும் பேதியானால், பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் குறைந்த வே ஐசொலேட் வாங்குங்கள்.

தட்டில் முதல் வாய் புரதம், பிறகு காய், மிச்சம் இடமிருந்தால் சோறு. சின்ன ஸ்பூன், நன்றாக மெல்லுதல், ஒரு வேளைக்கு 20–30 நிமிடம். சாப்பாட்டுக்கு அரை மணி முன்னும் பின்னும் தண்ணீர் வேண்டாம். நம் சாப்பாட்டில் இதற்கு ஒரு சிக்கல் உண்டு: ரசம் சாதமும் மோர் சாதமும் பாதி தண்ணீர்தான். சரசரவென்று இறங்கிவிடும், வயிறு நிறைந்தது தெரியாது, ஒரு மணி நேரத்தில் மறுபடி தேடும். விக்கல், மூக்கில் நீர் வடிதல், நெஞ்சின் நடுவில் அழுத்தம் – இவற்றில் ஒன்று வந்தாலே வயிறு நிரம்பிவிட்டது என்று பொருள். அடுத்த ஸ்பூன் எடுக்காதீர்கள். “ஒரே ஒரு வாய்தானே” என்று ஊட்டும் அன்பைக் கணவர் முன்கூட்டியே பேசி நிறுத்தி வைக்கட்டும்.

ஒரு விநோதம் சொல்ல வேண்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்குச் சப்பாத்தியும் பன்னும் நெஞ்சிலேயே நின்றுவிடும். ஆனால் மிக்சர், முறுக்கு, பிஸ்கட், ஐஸ்கிரீம் எல்லாம் வாயிலேயே கரைந்து தடையின்றி இறங்கும். இரண்டு வருடம் கழித்து எடை ஏறியவர்களிடம் விசாரித்தால், மூன்று வேளைச் சாப்பாட்டில் குறை இருக்காது, நாலு மணி காபியும் அதன் பக்கத்துத் தட்டும்தான் கணக்கில் வராமல் இருக்கும்.

இனி பயப்பட வேண்டியவை. அறுவையின்போது வயிற்றில் ஏற்றிய வாயுவால் முதல் ஓரிரு நாள் தோள்பட்டை வலிக்கும். நடக்க நடக்கக் குறையும், அது சாதாரணம். ஆனால் குறையாமல் கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, இடது தோள் வலி, 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், மூச்சு வாங்குதல், சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 120-ஐத் தாண்டுவது – இவை ஸ்டேப்ளர் கோட்டில் கசிவுக்கான அறிகுறிகள். கசிவு பெரும்பாலும் வீடு திரும்பிய பிறகுதான் தெரியவரும். மற்ற எதற்கும் முன்னால் நாடி வேகம் காட்டிக்கொடுக்கும். ஆக்சிமீட்டரை எடுத்து வைக்கச் சொன்னது அதில் நாடியும் தெரியும் என்பதால்தான். இந்த அறிகுறிகள் இருந்தால் அறுவை செய்த ஆஸ்பத்திரிக்கே, அதே நாளில் போங்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலும் அப்படியே.

வாந்தியைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லோரும் அதை “இதெல்லாம் இருக்கும்” என்று பொறுத்துக்கொள்கிறார்கள். வேகமாகச் சாப்பிட்டதால் ஒருமுறை வருவது வேறு. இரண்டு நாள் எதுவும் தங்காமல் வந்தால், குழாய் குறுகியிருக்கலாம் அல்லது முறுகியிருக்கலாம். அதைவிட அவசரம், பி1 வைட்டமினான தயாமின். உடலில் இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் அது இருப்பு இல்லை. தீர்ந்தால் பார்வை இரண்டாகத் தெரியும், நடை தள்ளாடும், பேச்சு குழறும், நினைவு தடுமாறும். தாமதித்தால் நிரந்தரமாகத் தங்கிவிடும். நம் ஊரில் வாந்தி என்றதும் பக்கத்துக் கிளினிக்கில் குளுக்கோஸ் ட்ரிப்ஸ் ஏற்றுவது வழக்கம். தயாமின் வற்றிய உடலில் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் நிலைமை மோசமாகும். எனவே ஒரு அட்டையில் இப்படி எழுதிப் பர்ஸில் வைத்துக்கொள்ளுங்கள்: “ஸ்லீவ் அறுவை செய்யப்பட்டது, தேதி இன்னது. குளுக்கோஸுக்கு முன் தயாமின் ஊசி தேவை. டைக்ளோஃபினாக், இபுப்ரோஃபென் வேண்டாம், வலிக்குப் பாரசிட்டமால். மூக்கு வழியாகக் குழாய் போடும் முன் அறுவை நிபுணரிடம் கேட்கவும்.” கீழே ஆஸ்பத்திரியின் அவசர எண்.

மாத்திரைகள் வாழ்நாள் முழுக்க உண்டு, அதில் சலுகை இல்லை. மல்டிவைட்டமின் தினமும். பி12 தினம் 350 முதல் 1,000 மைக்ரோகிராம், அல்லது மாதம் ஒரு 1,000 மைக்ரோகிராம் ஊசி. கால்சியம் உணவும் மாத்திரையுமாக 1,200–1,500 மில்லிகிராம். அமிலம் குறைந்த வயிற்றில் சிட்ரேட் வகை நன்றாகச் சேரும், ஒரு தடவைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போட்டால் உடல் முழுதாக உறிஞ்சாது. வைட்டமின் டி தினம் 3,000 யூனிட். மாதவிலக்கு வரும் வயது என்பதால் இரும்புச்சத்து 45 முதல் 60 மில்லிகிராம். இரும்பையும் கால்சியத்தையும் ஒன்றாக விழுங்காதீர்கள், இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். டீ, காபியோடும் இரும்பு சேராது. எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் உருவாகும் என்பதால், உர்சோடியாக்ஸிகோலிக் அமிலம் ஆறு மாதம் எழுதித் தருவார்கள். வயிறு நன்றாகத்தானே இருக்கிறது என்று அதைப் பாதியில் நிறுத்துபவர்கள் அதிகம். ரத்தப் பரிசோதனை 3, 6, 12-ஆம் மாதங்களில், பிறகு வருடம் ஒருமுறை. முதல் வருடம் சஷ்டி, ஏகாதசி என்று பட்டினி விரதம் வேண்டாம்.

முடி, மூன்றாவது மாதம் போலக் கொட்டத் தொடங்கும். உடல் திடீரென்று இளைத்ததன் எதிரொலி அது. வேர் சாகவில்லை என்பதால் சில மாதங்களில் நின்று திரும்ப வளரும். ஒரு வருடம் தாண்டியும் நிற்காவிட்டால் ஃபெரிட்டினையும் புரதத்தையும் தைராய்டையும் பாருங்கள். ஷாம்பூவை மாற்றிப் பயனில்லை.

எடை, ஸ்லீவில் சராசரியாக மொத்த எடையில் நான்கில் ஒரு பங்கு குறையும். உங்களுக்கு அது 27 கிலோ, அதாவது 80-ஐ ஒட்டி வந்து நிற்பீர்கள். விளம்பரத்தில் பார்த்த 55-ஐ மனதில் வைத்திருந்தால் இப்போதே கழற்றி வையுங்கள். மூன்றாவது வாரம் தராசு அப்படியே நிற்கும், பயந்து சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு சில கிலோ திரும்புவதும் இயல்பு. முன்பு மனக்கஷ்டத்துக்குச் சாப்பாட்டைத் துணையாகக் கொண்டிருந்தவர்களுக்கு அந்த வழி அடைபடும்போது சோர்வும் அழுகையும் வரலாம். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

குழந்தைக்கு 12 முதல் 18 மாதம் காத்திருங்கள். எடை இறங்கும் காலத்தில் கரு தங்கினால் இருவருக்கும் சத்துக் குறையும். எடை குறையக் குறையக் கருமுட்டை வெளியாவது சீராகும். இத்தனை வருடம் ஒழுங்கற்ற மாதவிலக்கை நம்பி இருந்தவர்கள் மூன்றாவது, நான்காவது மாதத்திலேயே கர்ப்பமாகி வந்து நிற்பதுண்டு. ஆகவே காப்பர் டி போன்ற ஒரு கருத்தடை முறையை அறுவைக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள். முயற்சி தொடங்கும் முன் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), பி12, ஃபெரிட்டின் பார்த்து, ஃபோலிக் அமிலம் எவ்வளவு வேண்டும் என்று கேட்டு ஆரம்பியுங்கள். சர்க்கரை இருப்பவர்களுக்கு அதன் அளவைக் கூட்டித் தருவார்கள்.