லீட்ஸுக்கு எத்தனை இன்ஹேலர்?

கோத்தகிரியிலிருந்து செப்டம்பரில் இங்கிலாந்தின் லீட்ஸுக்குப் படிக்க வருகிறேன், வீசிங் உண்டு, இன்ஹேலர் எத்தனை கொண்டுவரலாம், வாடகை எவ்வளவு, பார்ட் டைம் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள் தம்பி. வாடகைக்கும் வேலைக்கும் பதில் சொல்ல ஆயிரம் பேர் வருவார்கள். நான் குன்னூர்க்காரன், எனக்கும் வீசிங், அதனால் அதை மட்டும் சொல்கிறேன்.

இரண்டு மூன்று மாதத்துக்கு வேண்டியதை டாக்டர் சீட்டோடு கைப்பையில் வையுங்கள், போதும். என் அறையில் இருந்த மதுரைக்காரர் சூட்கேஸ் நிறைய நீலப் பம்ப் கொண்டுவந்து, ஜி.பி.யிடம், அதாவது இங்குள்ள குடும்ப டாக்டரிடம், பதியாமலே ராத்திரி பகல் அடித்துக்கொண்டிருந்தார். விசாவோடு மருத்துவத்துக்கென்று வாங்கும் ஹெல்த் சர்சார்ஜைக் கட்டிவிட்டு டாக்டர் பக்கமே போகாமல் இருப்பதில் நம் ஆட்களுக்கு என்ன பெருமையோ! நீலம் மூச்சுக்குழாயைக் கொஞ்ச நேரம் விரித்துவிடும், அவ்வளவுதான். உள்ளே இருக்கும் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு உள்ள இன்ஹேலர்தான் வேண்டும்.

வந்த வாரமே ஜி.பி.யிடம் பதியுங்கள், ஆனால் இன்ஹேலரை இழுக்கக் கற்றுக்கொள்வது மருந்துக்கடையில். புது இன்ஹேலர் எழுதித் தந்தால் 'நியூ மெடிசின் சர்வீஸ்' என்று கேளுங்கள். இங்கிலாந்தில் 2011லிருந்து இருக்கிறது, காசு கிடையாது, பார்மசிஸ்ட் ஒன்றிரண்டு வாரம் கழித்தும் கூப்பிட்டு விசாரிப்பார். எனக்கு ஒரு குஜராத்தி அம்மா தனி அறையில் உட்காரவைத்து, விசில் மாதிரி ஒரு பிளாஸ்டிக் குழாயைக் கொடுத்து இழுக்கச் சொன்னார். மெதுவாக இழுத்தால் ஒரு சத்தம், வேகம் கூடினால் இரண்டு. ஊரில் ரோட்டாகேப் என்ற பவுடர் கேப்ஸ்யூல் பழகிய யாருக்கும் இரண்டுதான் கேட்கும், ஏனென்றால் பவுடரை வெடுக்கென்று இழுக்க வேண்டும், பம்பை நிதானமாக ஆழமாக இழுத்துப் பத்து வினாடி மூச்சை அடக்க வேண்டும், இல்லாவிட்டால் மருந்து தொண்டையிலேயே நின்றுவிடும். ஸ்டீராய்டு எடுத்தால் வாய் கொப்பளிக்கவும் மறக்காதீர்கள்.

இங்கிலாந்தில் சீட்டில் எழுதும் ஒரு மருந்துக்கு 9.90 பவுண்டு. சர்க்கரைக்கு மாத்திரை போடுகிறவருக்கு இலவசம், மூச்சு முட்டுகிறவனுக்குக் கிடையாது, என்ன நியாயமோ! ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் எல்லோருக்குமே இலவசம். மாதம் ஒன்றுக்கு மேல் வாங்குவதாக இருந்தால் வருடத்துக்கு 114.50 பவுண்டு மொத்தமாகக் கட்டிவிடுங்கள்.

நீலகிரிக்காரனுக்குக் குளிரா என்பார்கள். குளிரைவிட ஜன்னலே திறக்காத அறையின் பூஞ்சைதான் ஆபத்து. குன்னூரில் ஆடி மழைக்குத் துணி காயவேண்டுமென்று அம்மா கரியடுப்பை அறைக்குள் வைப்பார், ராத்திரி எனக்கு இழுக்க ஆரம்பித்துவிடும். மெடிக்கல் ஷாப் அண்ணன் ஷட்டரைத் தூக்கிக் கடனுக்கு மாத்திரை தருவார். தங்கமான மனுஷன், ஆனால் இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. இத்தனைக்கும் ஊட்டியிலேயே பார்மசி கல்லூரி இருக்கிறது. கோத்தகிரிக் கடைகளில் இப்போதாவது சொல்லித் தருகிறார்களா?